வளைவு இல்லாத பூங்கா

1

அன்று சாயங்காலம் புதுப் பூங்காவுக்கு வந்திருந்தவர்கள்: எங்கள் பக்கம் ஐயா, அம்மா, நான், என் தங்கை கோமதி. மாப்பிள்ளை பக்கம் அவருடைய தாயார் வடிவம்மாள், தாய்மாமன் சுடலைமுத்து. வராதவர்கள் இரண்டு பேர். தோவாளையில் கட்டிக்கொடுத்திருந்த என் அக்கா பேச்சி வரவில்லை. அவளுக்கு அது எட்டாம் மாதம். மாப்பிள்ளையும் வரவில்லை. அம்பாசமுத்திரத்துப் பக்கம் ஒரு பஞ்சாலையில் வேலை, லீவு கிடைக்கவில்லை என்றார்கள். கோமதி யாருக்குக் கழுத்தை நீட்ட வேண்டுமோ அந்த ஆளைத் தவிர மற்ற எல்லாருக்கும் லீவு கிடைத்திருந்தது.

ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. இப்போது எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் இந்த நவம்பர். தெற்கே நான்கு தாலூக்காக்களும் கிழக்கே செங்கோட்டையும் சென்னை ராஜ்யத்தோடு போகிற செய்தியைக் கேட்கப் புதுப் பூங்காவில் ரேடியோவைச் சுற்றி அப்படி ஒரு கூட்டம். ஆபீசிலிருந்து திரும்புகிற வழியில் நானும் நின்று கேட்டேன். கால் வலித்ததால் பக்கத்திலிருந்த சிமெண்டு பெஞ்சில் கையை ஊன்றினேன். ஊன்றிய பிறகுதான் எந்தப் பெஞ்சு என்று பார்த்தேன். அன்று ஐயா உட்கார்ந்திருந்த பெஞ்சு. அதற்கப்புறம் ரேடியோ சொன்னது எதுவும் என் காதில் ஏறவில்லை.

திருநெல்வேலிப் பக்கம் நம் ஊரில் இருக்கிற நீங்கள் திருவனந்தபுரம் என்றால் கோயிலையும் கடற்கரையையும் கேட்பீர்கள். வந்து போகிறவர்களுக்கு அவை போதும். இருந்து பிழைக்கிற எங்களுக்கு இந்த ஊரில் முக்கியமானவை இரண்டு பூங்காக்கள். ஏன் என்று சொல்கிறேன்.

2

முதலில் எங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். என் கைக்குழந்தைப் பருவத்தில் ஐயா ஆரியங்காவு வழியாக ரயிலேறி இங்கே வந்தார். சாலைக் கம்போளம் என்கிற கடைத்தெருவில் நம் பக்கத்துக்காரர் ஒருவருடைய அரிசிக் கடையில் சாக்கு தைக்கிற வேலை. இன்றும் அதே வேலைதான். படிப்பு கிடையாது. எங்கள் வகையிலேயே பள்ளிக்கூடத்தை முழுசாகப் பார்த்தவன் நான்தான். சர்க்கார் ஆபீஸ் ஒன்றில் குமாஸ்தாவாக இருக்கிறேன். குடியிருப்பது ஆரியசாலைக்குப் பின்னால் வரிசையாக ஒட்டிக் கட்டிய லயன் வீடு ஒன்றில், ஒன்றரை அறை. பக்கத்து வீட்டில் மிளகாய் வறுத்தால் நாங்கள் தும்முவோம். நாங்கள் சண்டை போட்டால் அவர்கள் சமாதானம் செய்ய வருவார்கள்.

ஐயாவுக்கு ஊரில் மிச்சம் இருந்தது ஒரு வீட்டு மனை. ஆற்றுக்குப் போகிற பாதையில் பதினைந்து சென்ட், அதில் இரண்டு வேப்பமரம். சாப்பிட உட்கார்ந்தால் ஐயா அந்த மனையில் வீடு கட்ட ஆரம்பித்துவிடுவார். ஒருநாள் வாசல் கிழக்கே இருக்கும், மறுநாள் வடக்கே திரும்பியிருக்கும்.

"வடக்க வச்சா ஆத்துக் காத்து வரும்லா?" என்பார்.

"முதல்ல கட்டும். அப்புறமா காத்து வாங்குவோம்" என்பாள் அம்மா.

"கட்டாமலா? கோமதி கலியாணம் முடியட்டும், மறுநாளே மூட்டையைக் கட்டிருவோம். இவன் வேணும்னா இங்கன கிடந்து எழுதிக்கிட்டு இருக்கட்டும்."

இவன் என்றால் நான்.

இங்கே எங்களைப் பாண்டி என்பார்கள். ஊருக்கு வந்தால் நீங்கள் மலையாளத்தான் வந்துட்டான் என்பீர்கள். இரண்டையும் சிரித்துக்கொண்டேதான் சொல்கிறார்கள், அதனால் கோபப்படவும் முடியாது. ஆபீசில் சேர்ந்தபோது சொந்த ஊர் என்ற இடத்தில் திருவனந்தபுரம் என்று எழுதினேன். ஹெட் குமாஸ்தா, "தான் பாண்டியல்லேடோ?" என்று சிரித்து, அதை அடித்துவிட்டுத் திருநெல்வேலி என்று எழுதினார். இரண்டு வருஷம் கழித்து அவருக்குப் பதிலாக வந்தவர், வெளி ராஜ்யத்துக்காரன் எப்படி இந்த நாற்காலிக்கு வந்தான் என்று என்னிடமே விளக்கம் கேட்டார். விளக்கத்தை மலையாளத்தில் எழுதினேன். என் மலையாளம் ஆபீஸ் மலையாளம். காகிதத்தில் நிமிர்ந்து நிற்கும்; கடைத்தெருவில் திக்கும்.

கோமதி அப்படியில்லை. இங்கேயே பிறந்தவள், நாலாம் பாரம் வரை மலையாளப் பள்ளிக்கூடம். மலையாளத்தில் கணக்குப் போடுவாள், மலையாளத்தில் கோபப்படுவாள், தூக்கத்தில் பிதற்றுவதும் அதில்தான். வீட்டுக்குள்ளாவது தமிழ் பேசு என்று நான் அவளை அதட்டாத நாளில்லை.

"தமிழ் தன்னெ அல்லே அண்ணே பேசுதேன்!" என்பாள், நிஜமாகவே ஆச்சரியப்பட்டு.

3

பழைய பூங்கா என்று நான் சொல்வது காட்சி பங்களாத் தோட்டம். ராஜா காலத்தது. மேடும் சரிவுமாக, கிழட்டு மரங்களும் செம்மண் பாதைகளும், நடுவே பேண்டு வாசிக்கிற மண்டபமும், ஒரு பக்கம் கூண்டு மிருகங்களுமாக இருக்கும். அந்தத் தோட்டத்தை எங்களை மனதில் வைத்துப் போட்டிருக்க மாட்டார்கள். வாசலுக்கு வந்ததும் ஐயாவின் கை தானாகப் போய்த் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொள்ளும். யாரும் எடுக்கச் சொன்னதில்லை. இப்போது ராஜாவும் இல்லை, துண்டை எதற்கு எடுக்கிறீர் என்று கேட்டால், "அந்த மரத்தையெல்லாம் பாத்தா போட்டுக்கிடத் தோண மாட்டேங்கு" என்பார்.

ஆனால் சாலையில் பிழைக்கிற எங்கள் ஆட்களுக்கு அந்தத் தோட்டம் ஒரு பெரிய உபகாரம் செய்துகொண்டிருந்தது. பெண் பார்க்கிற இடம் அதுதான்.

ஒன்றரை அறையில் மாப்பிள்ளை வீட்டாரை எங்கே உட்கார வைப்பது? உட்கார வைத்தாலும், வந்தவர்கள் பலகாரம் தின்றுவிட்டு வேண்டாம் என்று போய்விட்டால் லயன் முழுக்கத் தெரிந்துவிடும். பார்த்துவிட்டுப் போன பெண் என்று பேராகும். ஆகவே இரண்டு வீட்டாரும் காற்று வாங்க வருகிறாற்போல் தோட்டத்துக்கு வருவார்கள். எங்களவர்கள் கீழ் வாசலிலிருந்து மேலே ஏறுவோம். அவர்கள் பேண்டு மண்டபத்திலிருந்து கீழே இறங்குவார்கள். மான் கூண்டுக்குப் பக்கத்தில் ஒருவரை ஒருவர் தாண்டிப் போக வேண்டும். அப்போது யாரும் யாரையும் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளக் கூடாது.

மான் கூண்டைத் தாண்டினால் பாதை ஒரு பெரிய மரத்தைச் சுற்றி வளைந்து இரண்டாகப் பிரியும். ஒன்று சுற்றிக்கொண்டு மறுபடி மேலே வரும், மற்றது நேரே வாசலுக்குப் போகும். பெண் பிடித்திருந்தால் மேலே வருகிற பாதையில் வருவார்கள். இரண்டாவது தடவை எதிர்ப்படும்போது ஆண்கள், "அடடே, நீங்களா! இங்கன எங்க?" என்று ஆச்சரியப்படுவார்கள். பிடிக்காவிட்டால் வாசலுக்குப் போகிற பாதையில் போய்விடுவார்கள். அவ்வளவுதான். யாரும் யாரிடமும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. மரம் மறைத்துக்கொள்ளும்.

அக்கா பேச்சியை இரண்டு தடவை அங்கே கூட்டிப் போனோம். சுதந்திரம் வந்ததற்கு மறு வருஷம். பஸ்ஸுக்குத் திருவிதாங்கூர்ச் சக்கர நாணயத்தில் காசு கொடுத்த காலம். முதல் தடவை வந்தவர்கள் மானைத் தாண்டிப் போனார்கள், வளைவில் திரும்பினார்கள், அப்புறம் வரவில்லை. நாங்கள் மேலே ஒரு இரும்புப் பெஞ்சில் காத்துக்கொண்டிருந்தோம். பேண்டு வாசித்து முடித்து வாத்தியங்களைப் பைக்குள் போட்டார்கள். அம்மா வானத்தைப் பார்த்து, "மழை வரும்போல இருக்கு, போவோமா?" என்றாள். மழையைக் காணோம். ஆனாலும் எல்லாரும் எழுந்து நடந்தோம். வழியில் ஐயா பேச்சிக்குக் கடலை வாங்கிக் கொடுத்தார். அதைப் பற்றி அன்றும் ஒருவரும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை. பேச்சிக்குத் தெரியாமல் இருந்திருக்குமா? தெரியும். ஆனால் அவளை வேண்டாம் என்று எந்த வாயும் சொல்லவில்லை.

இரண்டாவது தடவை வந்தவர்கள் தோவாளைக்காரர்கள், பூ வியாபாரம். "மானைப் பாரு, மானை மட்டும் பாரு" என்று அம்மா பேச்சிக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். பேச்சி மானைப் பார்த்த பார்வையில் மானுக்கே கூச்சம் வந்திருக்கும். மாப்பிள்ளையும் வந்திருந்தார். கடலையை உரித்து, கடலையைக் கீழே போட்டுவிட்டுத் தோலை வாயில் போட்டுக்கொண்டார். "பதறுதாரு. நல்ல பையன்தான்" என்றாள் அம்மா, உதட்டை அசைக்காமல். அவர்கள் வளைவில் மறைந்தார்கள். நாங்கள் மானைப் பார்த்துக்கொண்டே நின்றோம். மரத்துக்கு அந்தப் பக்கமிருந்து முதலில் ஒரு வேட்டி தெரிந்தது, அப்புறம் ஆள் தெரிந்தது. "அடடே, நீங்களா!" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஐயா கக்கத்திலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

இதைக் கொடு, அதைக் கொடு என்று அவர்கள் கேட்கவில்லை. போடுகிறதைப் போடுங்கள் என்றார்கள். போட்டோம்.

4

புதுப் பூங்கா வந்தது அதற்கு ஐந்தாறு வருஷம் கழித்து. ரயிலடியிலிருந்து நடக்கிற தூரத்தில், முன்பு குப்பையும் மழைத் தண்ணீரும் கிடந்த பள்ளத்தை மேடாக்கிப் போட்டது. திறந்த அன்று நான் போயிருந்தேன். எனக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது.

நான்கு மூலையிலிருந்தும் நான்கு சிமெண்டு நடைபாதைகள் கோடு போட்டாற்போல் நேராக வந்து நடுவில் கூடும். நடுவில் எட்டு மூலையாக ஒரு சின்ன மண்டபம், அதன் உச்சியில் ரேடியோவின் ஒலிபெருக்கி. சுற்றிலும் வட்டமாக சிமெண்டு பெஞ்சுகள். வெட்டிவிட்ட புல். இருட்டியதும் பால்போலக் குழல் விளக்கு. மூலைக்கு மூலை எதுவும் மறையாது. ஒரு ராஜா தன் பொழுதுபோக்குக்குப் போட்டதல்ல, நம் வரியில் நமக்காகப் போட்டது என்று ஐயாவிடம் மேடைப் பேச்சுப்போலப் பேசினேன். ஐயா பூங்காவை ஒருதரம் சுற்றிப் பார்த்தார். துண்டு தோளிலேயே இருந்தது. எனக்கு அது ஒன்றே போதும் என்றிருந்தது.

"நல்லாத்தான் இருக்கு. மரம் வைக்க மறந்துட்டானுவளோ?" என்றார்.

"வைப்பாங்க ஐயா. வளரணும்லா."

மரக்கன்றுகள் வைக்கத்தான் செய்தார்கள். இன்றைக்கும் அவை என் இடுப்புக்கு மேல் வரவில்லை.

கோமதிக்கு அந்த இடம் உயிர். பள்ளிக்கூடத்துச் சிநேகிதிகள் சாயங்காலம் அங்கேதான் கூடுவார்கள், ரேடியோவில் பாட்டுக் கேட்க. அம்மாவையும் இழுத்துக்கொண்டு போவாள். பழைய தோட்டத்தில் பேச்சி நடந்ததையும் புதுப் பூங்காவில் கோமதி நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பேச்சி ஓரத்தில் நடந்தாள், காலைப் பார்த்து. கோமதி நடுவில் நடந்தாள், எதிரே வருகிறவரைப் பார்த்து. அதுதான் முன்னேற்றம் என்று அப்போது நினைத்தேன். இப்போதும் அதில் தப்பு எதுவும் எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் என்னை வாட்டுகிறது.

5

அம்பாசமுத்திரத்து இடம் கோமதிக்கு வந்த மூன்றாவது இடம். முதல் இரண்டும் ஜாதகத்திலேயே நின்றுபோயின. காட்சி பங்களாத் தோட்டத்துக்கு வாருங்கள் என்று ஐயா சொல்லி அனுப்பினார். அவ்வளவு தூரம் வேண்டாம், செங்கோட்டை வண்டியைப் பிடிக்க வேண்டும், ரயிலடிக்குப் பக்கத்தில் புதிதாக ரேடியோ பூங்கா வந்திருக்கிறதாமே, அங்கே பார்ப்போம் என்று தாய்மாமன் பதில் சொல்லி அனுப்பினார். பெண்ணைப் பார்க்கிற மாதிரியும் ஆயிற்று, ரேடியோவைப் பார்க்கிற மாதிரியும் ஆயிற்று.

"அவுக சொன்னா சரி. எங்க பாத்தா என்ன, பொண்ணு அதேதான?" என்றார் ஐயா.

போய்ச் சேர்ந்ததுமே தெரிந்துவிட்டது. தாண்டிப் போவதற்கு அங்கே பாதை இல்லை. நான்கு பாதையும் நடுவுக்கே கொண்டுவந்து விடுகின்றன. நாங்கள் ஒரு மூலையிலிருந்து வந்தோம், அவர்கள் எதிர் மூலையிலிருந்து வந்தார்கள், வெகு தூரத்திலிருந்தே ஒருவரை ஒருவர் பார்த்தபடி. நடுவில் வந்ததும் வேறு வழியில்லாமல் அவர்கள் ஒரு பெஞ்சிலும் நாங்கள் எதிர்ப் பெஞ்சிலும் உட்கார்ந்தோம், கோர்ட்டில் வாதியும் பிரதிவாதியும்போல. இடையில் ரேடியோ. கோமதி எதைப் பார்ப்பாள்? மான் இல்லை. அம்மா அவள் காதில், "ரேடியோவப் பாருளா" என்றாள். கோமதி ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்த்தாள். கழுத்து வலித்திருக்கும்.

சுடலைமுத்து மாமாவுக்கு சிமெண்டு பெஞ்சு சூடாக இருந்தது. தோளிலிருந்த துண்டைப் புல்லில் விரித்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உடனே காவல்காரனின் விசில்.

"எடோ! புல்லின்மேல் இரிக்கருது!"

மாமா திரும்பிப் பார்த்துவிட்டு இன்னும் வசதியாகச் சாய்ந்துகொண்டார். விசில் மறுபடி ஊதியது. பூங்காவில் இருந்த அத்தனை பேரும் திரும்பினார்கள்.

"யாரைப் பாத்து ஊதுதான் இந்தப் பய? என்ன சொல்லுதான்?" என்றார் மாமா, பொதுவாக.

"புல்லு மேல உக்காரப்படாதாம் மாமா" என்றாள் கோமதி. அவர் மாட்டிக்கொண்டு முழித்ததைப் பார்த்துப் பொறுக்காமல் அவள் வாயிலிருந்து வந்துவிட்டது. அம்மா அவள் தொடையைக் கிள்ளினாள். தெரியாதவர்கள்போல் இருக்கிற வேஷம் அத்தோடு கலைந்துபோயிற்று.

ஆனால் அது கெடுதலாகவில்லை. மாமா சிரித்துக்கொண்டே எழுந்து வந்து எங்கள் பெஞ்சின் முனையில் உட்கார்ந்தார். "பொண்ணு ரெண்டு பாசையும் பேசுதே! நம்ம மில்லு மேனேஜரு மாதிரில்லா இருக்கு. யக்கா, இங்க வா, எதுக்கு அங்கன தனியா இருக்க?" வடிவம்மாளும் வந்து அம்மாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். கோமதியின் கையைப் பிடித்துப் பார்த்தார். தலையைத் தடவினார். "முடி இவ்வளவும் சொந்த முடிதானா?" என்று கேட்டுச் சிரித்தார். அம்மாவின் முகம் மலர்ந்தது. ஐயா என்னைப் பார்த்தார். நான் ஐயாவைப் பார்த்தேன். கலியாணம் முடிந்ததென்றே நினைத்துவிட்டோம்.

அந்த நேரம் பார்த்துப் பாட்டு நிகழ்ச்சி ஆரம்பமாயிற்று. கோமதியின் சிநேகிதிகள் மூன்று பேர் நடைபாதையில் வந்தார்கள்.

"எடீ கோமதீ! நீ எந்தா இவிடெ? பட்டுசாரியொக்கெ உடுத்து!" என்று தூரத்திலிருந்தே கூவினாள் ஒருத்தி. இங்கே என்னடி செய்கிறாய், பட்டுப் புடவையெல்லாம் கட்டிக்கொண்டு, என்று கேட்கிறாள்.

கோமதி என்ன பதில் சொன்னாள் தெரியுமா? "ஒந்நுமில்லடீ, வெறுதெ வந்நதா" என்றாள். ஒன்றுமில்லை, சும்மா வந்தோம் என்று. எங்கள் வழக்கப்படி பெண் பார்க்கிற இடத்தில் பெண் என்ன சொல்ல வேண்டுமோ, சொல்லுக்குச் சொல் அதையேதான் சொன்னாள். பேச்சிக்கு அம்மா எத்தனையோ பாடம் நடத்திய விஷயம், இவளுக்குச் சொல்லிக் கொடுக்காமலே வந்தது.

வந்த பெண்கள் விடுவார்களா? வடிவம்மாளையும் அவர் கையில் இருந்த கோமதியின் கையையும் பார்த்துப் புரிந்துகொண்டு கிண்டல் செய்தார்கள். கோமதி பதிலுக்குப் படபடவென்று ஏதோ சொன்னாள். நான்கு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். எனக்கே அதில் பாதிதான் புரிந்தது. தங்கை அவ்வளவு சரளமாக, அவ்வளவு அழகாகப் பேசி நான் வீட்டில் பார்த்ததில்லை. வீட்டில் பேச நான்தான் விடுவதில்லையே.

அவர்கள் போனார்கள். வடிவம்மாள் கோமதியின் கையை விட்டிருந்தார். கோபப்பட்டார் என்று சொல்ல மாட்டேன். மெதுவாக, வருத்தத்தோடுதான் கேட்டார்.

"பொண்ணு தங்கமாத்தான் இருக்கு மைனி. ஆனா எங்க வீட்டுக்கு வந்தா யாரோட பேசும்?"

அம்மா, "எல்லாம் பேசுவா மைனி. தமிழு தெரியாமலா?" என்றாள்.

"தெரியும். நம்மகிட்ட பேசும்போது யோசிச்சுப் பேசுது. அதுககிட்டப் பேசும்போது பாத்தேன், முகமே வேற."

 அவர் சொன்னது உண்மை.

இதே பேச்சு பழைய தோட்டமாக இருந்தால் எழுந்திருக்காது என்பதுதான் நான் சொல்ல வருவது. அந்த அம்மாள் ஒன்றும் சொல்லாமல் நடந்து வளைவில் திரும்பியிருப்பார். வேண்டுமென்றால் மேலே வந்திருப்பார், வேண்டாமென்றால் வாசலுக்குப் போயிருப்பார். இங்கே திரும்புவதற்கு வளைவு இல்லை. எழுந்து போனால் பூங்காவின் கடைசி மூலை வரை எங்கள் கண் முன்னாலேயே முதுகைக் காட்டிக்கொண்டு நடக்க வேண்டும். அந்த மனசு அவருக்கு இல்லை. ஆகவே உட்கார்ந்திருந்தார். உட்கார்ந்தால் ஏதாவது பேச வேண்டும். பேசாமல் இருப்பதைச் சகிக்க முடியாத சுடலைமுத்து மாமா பேசினார்.

"எங்கக்கா சொல்லுததுலயும் ஞாயம் இருக்கு அண்ணாச்சி. பழகிரும்னு வைங்க. ஆனாலும் நாலு பேரு கேப்பான்லா. ஒரு எழுநூறு சேத்துப் போட்டா எல்லார் வாயையும் நாங்க அடைச்சிருவோம்."

ரேடியோவில் இப்போது செய்தி. அவர் சொன்னது ஐயாவுக்குச் சரியாகக் கேட்கவில்லை. "என்ன சொல்லுதீய?" என்றார்.

"எழுநூறு!" என்று மாமா ஒலிபெருக்கிக்கு மேலாகக் கத்தினார். பக்கத்துப் பெஞ்சுக்காரர்கள் எங்களைப் பார்த்தார்கள். சாலையில் ஐயாவைத் தெரிந்த ஒரு சுமைக்காரர் அங்கே இருந்தார். அவரும் பார்த்தார்.

"எதுக்கு மாமா எழுநூறு?" என்று நான் கேட்டேன்.

"எதுக்குன்னா... பழகுத வரைக்கும் தம்பி."

"மொழிக்கு விலையா?"

"நீ சும்மா இருல" என்றார் ஐயா. அவருடைய கை தோளுக்குப் போனது. துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். அந்தப் பூங்காவில் அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அன்றுதான். "சரி. போட்டுருதேன்" என்றார்.

கோமதி ஒலிபெருக்கியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு நடக்கும்போது ஐயாவிடம் கேட்டேன், யோசிச்சுச் சொல்லுதோம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று.

"எங்க போயி யோசிக்க? எல்லாரும் பாத்துக்கிட்டில்லா இருந்தான்" என்றார்.

கோமதி என் பக்கத்தில் நடந்து வந்தாள். நல்ல தமிழில், ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி, "நான் என்ன தப்பு பண்ணுனேன் அண்ணே? கூப்பிட்டாங்க, பேசுனேன்" என்றாள்.

"நீ ஒண்ணும் பண்ணல."

"இந்தக் கலியாணம் வேண்டாம்னு சொன்னா ஐயா விடுவாங்களா?"

 ஐயா வாக்குக் கொடுத்துவிட்டார். சாலைத் தெருவுக்கே கேட்கிற மாதிரி கொடுத்துவிட்டார்.

6

போன மாதம் ஊருக்கு வந்திருந்தேன், கோமதியைப் பார்க்க. உங்களில் சிலர் என்னைப் பார்த்தும் இருப்பீர்கள். மாப்பிள்ளை நல்லவர்தான், குறை சொல்ல மாட்டேன். வடிவம்மாளும் கொடுமைக்காரி இல்லை. அவர் பயந்தது அப்படியே நடந்தது, அவ்வளவுதான். தெருவில் கோமதிக்கு மலையாளத்தா என்று பேர். கடைக்குப் போய் ஏதாவது கேட்டால் அவள் இழுத்துப் பேசுவதைக் குழந்தைகள் திருப்பிச் சொல்லிக் காட்டுகின்றன. கேலியில் விஷம் கிடையாது. ஆனால் தினமும் அதைச் சிரித்துக்கொண்டே கேட்க வேண்டும் என்றால் பேச்சைக் குறைத்துக்கொள்வதுதான் சுலபம். அவள் குறைத்துக்கொண்டாள். வீட்டுக்கு யாராவது வந்தால், அடக்கமான பெண் என்று அவளைப் பாராட்டுகிறார்கள். எங்கள் கோமதியை!

மத்தியானம் மாப்பிள்ளை மில்லுக்குப் போன பிறகு, கொல்லையில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். நான் கிணற்றடியில் போய் நின்றேன்.

"பார்க்கில இப்பவும் ரேடியோ வைக்குதாங்களா அண்ணே?"

"வைக்குதாங்க."

"சாந்தையும் ரமணியும் வருவாங்களா?"

"நான் அந்தப் பக்கம் நிக்கிறதில்ல. தெரியாது."

துணியைப் பிழிந்தாள். உதறினாள். வீட்டுப் பக்கம் ஒருதரம் பார்த்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, "அண்ணே, ரெண்டு வார்த்தை மலையாளம் பேசேன்" என்றாள்.

எத்தனை வருஷம் அதட்டியிருப்பேன் அவளை! பேச வேண்டும் என்றுதான் வாயைத் திறந்தேன். தங்கையிடம் ஒருவன் பேசுகிற மலையாளம் எனக்கு ஒரு வரிகூட வரவில்லை. வந்ததெல்லாம் ஆபீஸ். "அபேட்ச லபிச்சு. மறுபடி பின்னாலெ அறியிக்குந்நதாணு" என்றேன். மனு கிடைத்தது, பதில் பிறகு தெரிவிக்கப்படும். நான் தினமும் எழுதுகிற வரி.

கோமதி சிரித்தாள். அந்தப் பூங்காவில் சிரித்தாளே, அதே சிரிப்பு. ஈரப் புடவையை முகத்தில் வைத்துக்கொண்டு சிரித்துக்கொண்டே இருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் அது சிரிப்பில்லை என்று தெரிந்தது. உள்ளேயிருந்து வடிவம்மாள், "என்னளா, அண்ணனும் தங்கச்சியும் அப்படி என்ன பேசிச் சிரிக்கிய?" என்று சந்தோஷமாகக் கேட்டார்.

"ஒண்ணுமில்ல அத்தே, சும்மாதான்" என்றாள் கோமதி, சுத்தமான தமிழில்.

7

ரேடியோ அன்று சொன்ன செய்திக்கு வருகிறேன். பேச்சி தோவாளையில் கட்டிக்கொடுத்த அதே வீட்டில்தான் இருக்கிறாள். இப்போது எல்லைக்கோடு எழுந்து அவள் வீட்டைத் தாண்டி இந்தப் பக்கம் வந்துவிட்டது. ஒரு பானையைக்கூட இடம் மாற்றி வைக்காமல் அவள் தமிழ்நாட்டுக்குப் போய்விட்டாள். அதற்காக யாரும் அவளிடம் எதுவும் கேட்கவில்லை.

இதை ஐயாவிடம் சொன்னேன். சோற்றைப் பிசைந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப நாம?" என்றார்.

"நாம இங்கதான் ஐயா."

இப்போதெல்லாம் சாப்பிடும்போது அவர் எதுவும் கட்டுவதில்லை. வாசல் கிழக்கேயா வடக்கேயா என்ற பேச்சு நின்றுவிட்டது. காற்று வாங்க எந்தப் பூங்காவுக்கும் வருவதில்லை. ஒருநாள் வற்புறுத்திக் காட்சி பங்களாத் தோட்டத்துக்கு அழைத்துப் போனேன். வளைவு வரை நடந்தார். அந்த மரத்தடியில், பாதை பிரிகிற இடத்தில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். "எந்தப் பக்கம் போனாலும் சாலைக்குத்தானல போவணும்?" என்று கேட்டுவிட்டு, வாசலுக்குப் போகிற பாதையில் இறங்கிவிட்டார்.

மனையை வாங்கினவரை உங்களுக்குத் தெரிந்திருக்கும், பெயர் வேண்டாம். கோமதி கலியாணத்துக்கு முன்னால் பத்திரம் முடிக்க ஐயாவோடு நானும் வந்திருந்தேன். கைநாட்டு வைக்கும் முன் ஐயா ஒன்றே ஒன்றுதான் கேட்டார், இரண்டு வேப்பமரத்துக்கும் ஏதாவது சேர்த்துத் தரக்கூடாதா என்று. மரத்துக்கெல்லாம் தனியாக விலை கிடையாது என்றார் அவர். மரத்தையும் சேர்த்துத்தான் எழுநூறு ரூபாய்.